லுகேமியா சிகிச்சை: "இனி மாத்திரைதான்" என்ற பிறகும் ஏன் இந்த ஏற்ற இறக்கம்?

தாமிரபரணி அம்மா எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். என் மகனுக்கு 7 வயது. பி-செல் ஏ.எல்.எல்., அதாவது ரத்தப் புற்றுநோயில் வேகமாக வளரும் ஒரு வகை. சென்னையில் சிகிச்சை நடக்கிறது. இன்டக்‌ஷன் என்ற முதல் கட்டக் கீமோவின் முடிவில் எடுத்த எம்.ஆர்.டி. (மிச்சமிருக்கும் லுகேமியா செல்லைத் தேடும் பரிசோதனை) நெகட்டிவ். அப்புறம் கன்சாலிடேஷன், டிலேய்டு இன்டென்சிஃபிகேஷன் என்ற அடுத்த கீமோ கட்டங்கள் எல்லாம் முடிந்து இப்போது மெயின்டனன்ஸ், நோய் திரும்பாமல் இருக்க நீண்ட நாள் மாத்திரை தரும் கட்டம். "பெரிய கண்டம் தாண்டியாச்சு, இனி மாத்திரைதான்" என்று எல்லோரும் சொன்னார்கள். நாங்களும் நம்பி, வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டுத் திருநெல்வேலிக்குத் திரும்பினோம்.

இந்த "இனி மாத்திரைதான்" காலம்தான் எனக்குப் பிடிபடவே இல்லை. ஒரு வாரம் பையன் தெருவில் சைக்கிள் ஓட்டுகிறான், கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறான். அடுத்த வாரம் ரத்தப் பரிசோதனையில் ஏ.என்.சி., அதாவது கிருமியோடு போராடும் வெள்ளணுக்களின் எண்ணிக்கை, 400 என்று வருகிறது. மாத்திரையை நிறுத்தச் சொல்கிறார்கள். ஏறினதும் பாதி அளவில் தொடங்குகிறோம், முழு அளவுக்குப் போகிறோம், மறுபடி இறங்குகிறது. நடுவில் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மாதாமாதம் ஸ்டீராய்டு தரும் நாட்களில் வீடே தலைகீழாகிவிடுகிறது. நடுராத்திரியில் எழுந்து தயிர்சாதம் கேட்பான். பிசைந்து கொடுத்தால் இது வேண்டாம் என்று அழுவான். அவன் குணமே இப்படி இல்லை.

கவுண்ட் இறங்கும்போதெல்லாம் என் வீட்டுக்காரர் "திரும்ப வந்துடுச்சோ?" என்கிறார். அவர் வாய்விட்டுக் கேட்கிறார், நான் மனதுக்குள் கேட்டுக்கொள்கிறேன். மாத்திரை நிறுத்தியிருக்கும் நாட்களில் எனக்குத் தூக்கம் வருவதில்லை. மருந்து போகாத நேரத்தில் நோய் வளர்ந்துவிடாதா?

இதைத் தாண்டி வந்தவர்கள் சொல்லுங்கள். எல்லோருக்கும் இப்படித்தானா? பள்ளிக்கு எப்போது அனுப்பினீர்கள்? அக்கம்பக்கத்தில் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். யார் பேச்சைக் கேட்பது என்றே தெரியவில்லை.


டேகேர் செவிலி எழுதியது:

அம்மா, நான் குழந்தைகள் புற்றுநோய்ப் பிரிவில், டே கேரில் வேலை செய்கிறேன். உங்கள் மருத்துவர் சொல்வதுதான் கடைசி வார்த்தை. ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் பயத்தை வாராவாரம் பெற்றோர் முகத்தில் பார்க்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

மெயின்டனன்ஸில் கவுண்ட் இறங்குவது பெரும்பாலும் மருந்து வேலை செய்வதால்தான். தினமும் தரும் 6-எம்.பி., அதாவது மெர்காப்டோப்யூரின், வாரம் ஒருமுறை தரும் மெத்தோட்ரெக்சேட், இரண்டுமே எலும்பு மஜ்ஜையைத் தெரிந்தே கொஞ்சம் அடக்கி வைக்கிற மருந்துகள். பல புரோட்டோகால்களில் (சிகிச்சைத் திட்டங்களில்) ஏ.என்.சி.யை 500க்கும் 1500க்கும் நடுவில் வைத்திருக்கப் பார்ப்பார்கள். 500க்குக் கீழே போனாலோ, பிளேட்லெட் 50,000க்குக் கீழே போனாலோ மாத்திரையை நிறுத்துவார்கள். ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி இந்தக் கணக்கு சற்று மாறும். மாதக்கணக்கில் ஏ.என்.சி. 3000, 4000 என்று உயர்ந்தே இருந்தால்தான் நாங்கள் யோசிப்போம்: டோஸ் போதவில்லையா, மாத்திரை ஒழுங்காக வயிற்றுக்குள் போகிறதா என்று.

மருந்து நிற்கும் அந்தச் சில நாட்கள் சிகிச்சைக் கணக்கில் ஏற்கெனவே இருப்பவை. மருத்துவர் சொல்லி நிறுத்துவதும், வீட்டில் மறந்து விடுபடுவதும் ஒன்றல்ல. மறதியால் அடிக்கடி விடுபட்டால்தான் நோய் திரும்பும் வாய்ப்பு கூடுகிறது என்று ஆய்வுகளில் தெளிவாகத் தெரிந்திருக்கிறது. தினமும் ஒரே நேரத்தில் கொடுத்து, ஒரு நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.

குறைந்த டோஸிலேயே திரும்பத் திரும்ப இறங்குகிறது என்றால் டி.பி.எம்.டி., என்.யு.டி.டி.15 என்ற மரபணுப் பரிசோதனைகளைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். 6-எம்.பி.யை உடல் மெதுவாகச் சிதைக்கும் குழந்தைகள் இருக்கிறார்கள். என்.யு.டி.டி.15 மரபணு மாற்றம் நம் நாட்டில் அரிதானது அல்ல. அப்படி இருந்தால் அவனுக்குச் சரியான டோஸே குறைவான டோஸ்தான். அதற்கு நோய் வலுத்துவிட்டது என்று பொருள் இல்லை.

திரும்ப வந்துவிட்டதோ என்று எங்களை யோசிக்க வைப்பவை வேறு. மாத்திரையை நிறுத்திய பிறகும் கவுண்ட் ஏறாமலே இருப்பது, ஸ்மியரில், அதாவது ரத்தத் துளியை நுண்ணோக்கியில் பார்க்கும்போது, பிளாஸ்ட் என்ற முதிராத செல் தெரிவது, புதிதாக நெறி கட்டுவது, காரணம் தெரியாத எலும்பு வலி, விடாத தலைவலியோடு வாந்தி. பையன்களுக்கு விதைப்பையில் வலியில்லாத வீக்கம் வருகிறதா என்பதையும் குளிப்பாட்டும்போது பார்க்க வேண்டும். இதைச் சொல்லக் கூச்சப்பட்டுப் பலர் தாமதமாக வருகிறார்கள்.

காய்ச்சல் விஷயத்தில் மட்டும் எந்தச் சமாதானமும் செய்துகொள்ளாதீர்கள். 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் தொட்டால் எந்த நேரமானாலும் ஆஸ்பத்திரிக்குப் பேசுங்கள். பாராசிட்டமால் கொடுத்துக் காலைவரை பார்ப்போம் என்று இருக்கக் கூடாது, ஏ.என்.சி. குறைவாக இருக்கும்போது சீழ் கட்டாது, சளி தெரியாது, காய்ச்சல் ஒன்றுதான் அடையாளம். நீங்கள் திருநெல்வேலியில் இருப்பதால் உங்கள் மருத்துவரிடம் ஒரு கடிதம் வாங்கி வையுங்கள்: என்ன நோய், என்ன மருந்து, காய்ச்சல் வந்தால் எந்த ஆன்டிபயாட்டிக், தசையில் ஊசி போடக் கூடாது என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். உள்ளூர் ஆஸ்பத்திரியில் முதல் டோஸ் ஏறிவிட வேண்டும், சென்னைப் பயணம் அப்புறம்தான்.

இன்னொன்று. மெத்தோட்ரெக்சேட் மாத்திரைக்கு ஒரு கிழமையைத் தீர்மானித்து அதை மட்டும் தனி டப்பாவில் வையுங்கள். வாரம் ஒருமுறை தர வேண்டியதைத் தவறிப்போய் தினமும் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து. பாட்டி, தாத்தா மாத்திரை கொடுக்கும் வீடுகளில் இதைக் கட்டாயம் சொல்லி வையுங்கள்.


காரைக்குடி தம்பி எழுதியது:

அக்கா, எனக்கு 26 வயது. டி-செல் ஏ.எல்.எல். இரண்டாம் ஆண்டு கல்லூரியில் இருக்கும்போது வந்தது. சிகிச்சை முழுவதும் முடிந்து இப்போது ஃபாலோ-அப் மட்டும்தான். உங்கள் மகன் சொல்லத் தெரியாமல் அழுகிறானே, அதை என்னால் சொல்ல முடியும்.

டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு உள்ளே போனால் பசி வயிற்றில் எரியும். ஆனால் எதைத் தின்றாலும் நாக்கில் வேறு ருசி. மனதில் காரணமே இல்லாமல் கோபம். அது நான் இல்லை என்று எனக்கே தெரியும், நிறுத்த முடியாது. நிறுத்தின மறுநாள் தொடங்கி இரண்டு மூன்று நாள் கால் வலி, சுவரைப் பார்த்துப் படுத்திருப்பேன், யாரும் பேசினால் பிடிக்காது. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து எதுவும் பேசாமல் காலை அமுக்கிவிடுவார்கள், அது மட்டும் போதும் என்றிருக்கும். அவனைத் திட்டாதீர்கள். திட்டுவீர்கள் என்று சொல்லவில்லை, வீட்டில் வேறு யாராவது "செல்லம் கொடுத்துக் கெடுத்துட்டே" என்று சொல்வார்கள். அதற்காகச் சொல்கிறேன்.

வின்கிறிஸ்டின் என்ற கீமோ ஊசியால் எனக்குப் பாதம் தூக்க முடியாமல் போனது. செருப்பு தானாகக் கழன்று விழும், அதுதான் முதல் அறிகுறி. மாடிப்படி ஏறும்போது தடுக்கும். பிசியோதெரபியும் காலுக்கு ஒரு ஸ்பிளின்ட்டும் கொடுத்தார்கள். மெதுவாக, மிக மெதுவாகச் சரியானது. உங்கள் மகன் குதிகாலை ஊன்றி நடக்கிறானா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் உடனே சொல்லுங்கள். மலச்சிக்கலும் இதே மருந்தால்தான், அதையும் சும்மா விடாதீர்கள்.

எனக்கு மிகவும் கஷ்டமான காலம் எது தெரியுமா? கடைசி மாத்திரை போட்ட பிறகு வந்த மாதங்கள். வீட்டில் கேக் வெட்டினார்கள், மாமா எல்லோருக்கும் விருந்து போட்டார். எனக்கு மட்டும் காலுக்குக் கீழே இருந்த தரையை யாரோ எடுத்துவிட்ட மாதிரி இருந்தது. அதுவரை தினமும் ஒரு மருந்து நோயோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தது. இனி யார் சண்டை போடுவார்கள்? கழுத்தில் நெறி இருக்கிறதா என்று தடவித் தடவியே தோல் சிவந்துபோகும். கொசு கடித்த சிவப்பைக்கூட ரத்தக்கசிவு என்று நினைத்துக்கொண்டு ராத்திரியெல்லாம் நெட்டில் தேடுவேன். இதை யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. அதனால் நான் இப்போது எல்லோருக்கும் சொல்கிறேன்.


மூலிகைத் தோட்டம் எழுதியது:

சகோதரி, பிளேட்லெட் குறைந்தால் பப்பாளி இலைச் சாறு கொடுங்கள், டெங்குவுக்குக் கொடுத்து நிறையப் பேருக்கு ஏறியிருக்கிறது. கூடவே அருகம்புல் சாறு, கீழாநெல்லி. எங்கள் ஊரில் ஒரு வைத்தியர் ரத்தம் சுத்தமாகச் செந்தூரம் தருகிறார். ஆங்கில மருந்தோடு சேர்த்தே கொடுக்கலாம், பக்க விளைவு கிடையாது.


டேகேர் செவிலி எழுதியது:

ஐயா, நல்லெண்ணத்தில்தான் சொல்கிறீர்கள். ஆனால் இதற்கு நான் பதில் எழுதாமல் இருக்க முடியாது.

டெங்குவில் பிளேட்லெட் குறையும் காரணம் வேறு. அது தானாகவே சில நாளில் ஏறும். இங்கே மஜ்ஜையை மருந்து அடக்கி வைத்திருக்கிறது, இலைச் சாறு அதை மாற்றாது. பச்சையாக இடித்த சாற்றில் இருக்கும் கிருமி, ஏ.என்.சி. 400 உள்ள குழந்தையின் ரத்தத்தில் கலக்கலாம். 6-எம்.பி.யும் மெத்தோட்ரெக்சேட்டும் கல்லீரலைத் தொடும் மருந்துகள், அதோடு தெரியாத மூலிகை சேர்ந்து எஸ்.ஜி.பி.டி. என்ற கல்லீரல் அளவு ஏறினால் எது காரணம் என்றே கண்டுபிடிக்க முடியாது. கடைசியில் கீமோவைத்தான் நிறுத்த வேண்டி வரும். செந்தூரத்தில் பாதரசம், ஈயம் போன்றவை இருக்கலாம். குழந்தைக்கு எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம்.


நாகை வாசகி எழுதியது:

செவிலி சொன்னதோடு என் அனுபவத்தையும் சேர்க்கிறேன், ஏனென்றால் என்னைக் காப்பாற்றியதே ஆர்சனிக்தான். ஆமாம், பாஷாணம். எனக்கு வந்தது ஏ.பி.எல். என்ற லுகேமியா வகை. ஆர்சனிக் ட்ரையாக்சைடை அளந்து, நரம்பில் ஏற்றி, வாராவாரம் ஈ.சி.ஜி. எடுத்து, பொட்டாசியம், மெக்னீசியம் பார்த்துப் பார்த்துக் கொடுத்தார்கள். கூடவே ஆட்ரா என்ற, வைட்டமின் ஏ வகையைச் சேர்ந்த மாத்திரை. ஒரு காலத்தில் சில நாட்களிலேயே ரத்தக்கசிவில் உயிரைப் பறித்த இந்த நோய், இன்று முதல் சில வாரங்களைத் தாண்டிவிட்டால் பெரும்பாலோர் குணமாகும் நோய். ஆர்சனிக்கை மட்டுமே வைத்து இதைக் குணப்படுத்த முடியும் என்று காட்டியதில் வேலூர் சி.எம்.சி.க்குப் பெரிய பங்கு உண்டு. அதே பாஷாணம் அளவு தெரியாத கையில் இருந்தால் என்ன ஆகும் என்பதை யோசித்துப் பாருங்கள்.

என் ஏற்ற இறக்கம் வேறு மாதிரி. ஆட்ராவால் வந்த தலைவலி கண்ணைத் திறக்க விடாது. முதல் வாரங்களில் மூச்சு வாங்கி, உடம்பு வீங்கி, இந்த மருந்துகளால் வரும் டிஃபரன்சியேஷன் சிண்ட்ரோம் என்று ஸ்டீராய்டு ஏற்றினார்கள். அதெல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்து மாதங்கள் ஆன பிறகும் அசதி போகவில்லை. ஹீமோகுளோபின் 12 வந்துவிட்டது, அப்புறம் ஏன் சோர்வு என்று மாமியார் கேட்பார். இரண்டு பாத்திரம் கழுவினால் உட்கார வேண்டும். ரிப்போர்ட்டில் எல்லாம் சரியாக இருக்கும், உடம்பு மட்டும் சரியாக இருக்காது. மருத்துவரிடம் அழுதேன். தைராய்டு, வைட்டமின் டி எல்லாம் பார்த்துவிட்டு, தினமும் கொஞ்சம் நடக்கச் சொன்னார். படுத்தே இருந்தால் அசதி கூடும் என்றார். நான் அதை அன்று நம்பவில்லை, ஆனால் நடந்த பிறகுதான் மெல்லத் தெளிந்தது.


மூலிகைத் தோட்டம் எழுதியது:

செவிலி சொன்னதைப் படித்தேன். செந்தூரம் பற்றி அவர் சொல்வது நியாயம், நான் வற்புறுத்தவில்லை. சாப்பாட்டில் மிளகு, சீரகம், பூண்டு போட்ட ரசம் தரலாமா? அதுவும் கூடாதா?


டேகேர் செவிலி எழுதியது:

கொதித்த ரசம் தாராளமாகத் தரலாம். வாய்ப்புண் இருக்கும்போது மட்டும் காரத்தையும் புளியையும் குறைத்துவிடுங்கள். நன்றாக வெந்த, சூடான வீட்டுச் சாப்பாடு எதுவும் நல்லதுதான். வெட்டி வைத்த பழம், கடைச் சட்னி, தெருவோர ஜூஸ், பச்சைக் காய்கறி சாலட் வேண்டாம். வாழைப்பழம், ஆரஞ்சு மாதிரித் தோல் உரிக்கிற பழமாகக் கொடுங்கள். தயிர் விஷயத்தில் ஒவ்வொரு ஆஸ்பத்திரியும் ஒவ்வொன்று சொல்லும், உங்கள் ஆஸ்பத்திரி சொல்வதைப் பின்பற்றுங்கள்.


வலிகாமம் எழுதியது:

நான் யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுகிறேன். எங்கடை மகளுக்கும் ஏ.எல்.எல். தான். கொழும்புக்குப் பக்கத்தில் மகரகமவில் இருக்கும் அபேக்ஷா புற்றுநோய் வைத்தியசாலையில் சிகிச்சை. அங்கே மருந்துக்குக் காசில்லை, ஆனால் யாழ்ப்பாணத்தில் இருந்து மகரகமவுக்குப் போய் வருவதும் தங்குவதும்தான் எங்களை உலுக்கிப் போட்டது. இப்ப அவ உயர்தரம் (உங்கடை பிளஸ் டூ மாதிரி) படிக்கிறா. அதை முதலில் சொல்லிப் போடுகிறேன், தாமிரபரணி அம்மாவுக்கு அது தேவை என்று நினைக்கிறேன்.

பாடசாலை பற்றிக் கேட்டிருந்தீர்கள். எங்கடை வைத்தியர் மெயின்டனன்ஸ் தொடங்கி, கவுண்ட் ஒரு அளவுக்கு நின்றதும் அனுப்பச் சொன்னார். எனக்குத் துணிவில்லை. அவர்தான் சொன்னார்: பிள்ளைக்கு வருத்தம், அதாவது நோய், மாறுவது மட்டும் போதாது, பிள்ளை பிள்ளையாக இருக்க வேணும் என்று. முதலில் அரை நாள். வகுப்பாசிரியையோடு போய்க் கதைத்தேன். இது தொற்றுகிற வருத்தம் இல்லை என்பதை அவவே மற்றப் பெற்றோருக்குச் சொன்னா. யாருக்காவது கொப்புளிப்பான் (உங்கடை சின்னம்மை) வந்தால் உடனே எனக்கு அறிவிக்க வேணும் என்று கேட்டுக்கொண்டேன். கொப்புளிப்பான், சின்னமுத்து (தட்டம்மை) இரண்டும் பாடசாலையில் இந்தப் பிள்ளைகளுக்குப் பெரிய ஆபத்து. ஒருமுறை பக்கத்துக் கதிரைப் பிள்ளைக்குக் கொப்புளிப்பான் வந்தது, அன்றைக்கே வைத்தியருக்கு எடுத்துச் சொல்லி, தடுப்பு மருந்து தொடங்கினார்கள். மகளுக்கு ஒன்றும் வரவில்லை.

தலைமயிர் இல்லாமல் போன முதல் நாள் அவ தொப்பி போட்டுக்கொண்டு போனா. பின்னேரம் வரும்போது தொப்பி பையுக்குள்ளே இருந்தது. பிள்ளைகள் நாங்கள் நினைப்பதைவிடத் திடமானவர்கள்.


ஈரோடு அப்பா எழுதியது:

வலிகாமம் அம்மா சொல்வதை மதிக்கிறேன், ஆனால் எனக்கு வேறு கருத்து. பள்ளிக்கு அவசரப்பட வேண்டாம். இங்கே ஒரு வகுப்பில் அறுபது குழந்தைகள், இருமல் சளியோடும் அனுப்பிவிடுகிறார்கள். கழிப்பறை நிலைமை நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு வருடப் படிப்பு போனால் போகட்டும்.

என் மகள் கதை கொஞ்சம் கடினமானது. அவளுக்கு ஏ.எம்.எல். என்ற இன்னொரு வகை லுகேமியா. கீமோவுக்குப் பிறகு எலும்பு மஜ்ஜை மாற்று செய்ய வேண்டியிருந்தது. அவள் தம்பிதான் கொடுத்தான், எச்.எல்.ஏ. என்ற திசு வகை முழுதாகப் பொருந்தியது. முதல் நூறு நாள் என்பார்கள், அந்த நூறு நாளை நான் யாருக்கும் விவரிக்க விரும்பவில்லை. செல் ஊன்றி கவுண்ட் ஏறினபோது வார்டில் எல்லோரும் கை தட்டினார்கள். அடுத்து ஜி.வி.எச்.டி. வந்தது. உள்ளங்கை, பாதம் எல்லாம் சிவந்து, பிறகு வயிற்றுப்போக்கு. தம்பியின் செல்கள் அக்காவின் உடம்பை அந்நியமென்று நினைத்துத் தாக்குகின்றன என்று மருத்துவர் விளக்கினார். அது கொஞ்சமாக இருந்தால் மிச்சமிருக்கும் லுகேமியா செல்லையும் சேர்த்துத் தாக்கும், அதனால் முழுவதும் கெட்டது என்றும் சொல்ல முடியாது என்றார். ஸ்டீராய்டு கூட்டினால் தோல் சரியாகும், கிருமி பயம் வரும். குறைத்தால் தோல் திரும்பச் சிவக்கும். மாதக்கணக்கில் இந்தத் தராசில்தான் வாழ்ந்தோம்.

அவள் பி பாசிட்டிவ், தம்பி ஓ பாசிட்டிவ். தம்பியின் மஜ்ஜை ஊன்றியதால் இப்போது அவளும் ஓ பாசிட்டிவ். குழந்தையாக இருந்தபோது போட்ட தடுப்பூசிகளின் பலன் பெரும்பாலும் போய்விடும் என்பதால் எல்லாவற்றையும் முதலிலிருந்து போட்டோம். சின்னம்மை, எம்.எம்.ஆர். மாதிரி உயிருள்ள கிருமி ஊசிகளை மட்டும் பல மாதம் தள்ளி, மருத்துவர் அனுமதித்த பிறகே போட்டார்கள். இதையெல்லாம் பார்த்த எனக்குப் பள்ளி என்றாலே பயம்தான்.

தம்பிப் பையனைப் பற்றியும் ஒரு வார்த்தை. அக்காவுக்கு ஜி.வி.எச்.டி. வந்தபோது "என் செல்தான் அக்காவைக் கஷ்டப்படுத்துதா?" என்று கேட்டான். அந்தக் கேள்வி வரும் என்று நாங்கள் யாரும் எதிர்பார்க்கவில்லை. மருத்துவரையே அவனிடம் உட்கார்ந்து பேச வைத்தோம். வீட்டில் இன்னொரு குழந்தை இருந்தால் அவர்களையும் கவனியுங்கள். அவர்கள் கேட்காமலே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.


வலிகாமம் எழுதியது:

ஈரோடு அப்பா, உங்கடை மகள் கடந்து வந்ததை வாசிக்கவே நெஞ்சு கனக்குது. மாற்று செய்த பிள்ளைக்கு நீங்கள் சொல்வதுதான் சரி, நான் மறுக்கவில்லை. ஆனால் மெயின்டனன்ஸில் இருக்கும் பிள்ளை வேறு. இரண்டு வருசம் நாலு சுவருக்குள்ளே வைத்திருந்தால் அதற்கும் ஒரு விலை இருக்குது. என்ர மகளோடு சிகிச்சை எடுத்த ஒரு பெடியன் சுகமாகித் திரும்பினபோது தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு இருக்க வெட்கப்பட்டுப் படிப்பையே விட்டான். இதையும் நாங்கள் கணக்கில் எடுக்க வேணும்.


மாத்திரை நானூறு எழுதியது:

எனக்கு சி.எம்.எல்., மெதுவாக வளரும் ஒரு லுகேமியா வகை. தினம் இமாடினிப் மாத்திரை 400 மில்லிகிராம், அதனால்தான் இந்தப் பெயர். உங்கள் எல்லோர் துன்பத்துக்கும் முன்னால் என்னுடையது சிறியது என்று இவ்வளவு நேரம் எழுதாமல் இருந்தேன். ஆனால் தம்பி எழுதிய "தரை போன" உணர்வு எனக்கும் தெரியும்.

2001இல் அமெரிக்காவில் இந்த மாத்திரைக்கு அனுமதி கிடைக்கும்வரை சி.எம்.எல். என்றாலே மஜ்ஜை மாற்று, இல்லையென்றால் சில வருடம்தான். பிறகு நம் ஊரிலேயே ஜெனரிக், அதாவது அதே மருந்தின் மலிவான வடிவம், தயாரானது. 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் மூல மருந்தின் கம்பெனியான நோவார்ட்டிஸின் காப்புரிமை மனுவைத் தள்ளுபடி செய்ததால் அது நிலைத்தது. அந்தத் தீர்ப்பு வந்த நாளை என்னைப் போன்றவர்கள் மறக்க மாட்டோம். மூல மருந்தின் விலை எங்கள் வீட்டை விற்றாலும் கட்டுப்படி ஆகாது.

ரத்தத்தில் நோய் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று பார்க்க மூன்று மாதத்துக்கு ஒருமுறை பி.சி.ஆர். பரிசோதனை. ரிசல்ட் வரும்வரை வீட்டில் யாரும் சத்தமாகப் பேச மாட்டார்கள். 0.1 சதவீதத்துக்குக் கீழே வந்தபோது மகிழ்ச்சி. அடுத்த முறை சற்று ஏறினது, உலகமே இருண்டது. மருத்துவர் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: மாத்திரை ஒழுங்காகப் போடுகிறீர்களா? பிறகு, ஒற்றை எண்ணைப் பார்க்காதீர்கள், மூன்று நான்கு ரிசல்ட்டை வரிசையாக வைத்து எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள் என்றார். அந்த ஒரு வார்த்தையால்தான் இன்றுவரை நிம்மதியாகத் தூங்குகிறேன். தாமிரபரணி அம்மாவும் கவுண்ட்டை ஒரு நோட்டில் தேதிவாரியாக எழுதிப் பார்க்கலாம்.


தாமிரபரணி அம்மா எழுதியது:

நேற்று சென்னை போய் வந்தோம். ஒவ்வொருவர் எழுதியதையும் என் வீட்டுக்காரருக்கு ரயிலில் சத்தமாகப் படித்துக் காட்டினேன். தம்பி எழுதியதைக் கேட்டு அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஏ.என்.சி. 1100. ஸ்மியரில் பிளாஸ்ட் இல்லை. வந்த காய்ச்சல் வைரஸ் என்றார்கள், கல்ச்சரில் எதுவும் வளரவில்லை. என்.யு.டி.டி.15 பற்றிக் கேட்டேன். மருத்துவர் ஆச்சரியப்பட்டு, பார்த்துவிடலாம் என்று ரத்தம் எடுத்தார். ரிசல்ட் வரும்வரை முக்கால் டோஸ். காய்ச்சல் கடிதமும் கையெழுத்துப் போட்டு வாங்கிவிட்டேன்.

குதிகாலில் நடக்கச் சொல்லிப் பார்த்தேன், நடந்தான். ஆனால் இடது இடுப்பு வலிக்கிறது என்று சில நாளாகச் சொல்கிறான். அதைச் சொன்னதும் ஸ்டீராய்டால் இடுப்பு எலும்புக்கு ரத்த ஓட்டம் குறையலாம் என்று சொல்லி எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். நல்லவேளையாக எதுவும் இல்லை. பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குத்தான் அது அதிகம் வருமாம். சைக்கிளில் விழுந்ததை எங்களிடம் மறைத்திருக்கிறான், அந்த வலிதான்!

பள்ளி விஷயத்தில் இரண்டு பக்கமும் கேட்டு மருத்துவரிடம் போனேன். அடுத்த கவுண்ட்டும் 1000க்கு மேல் நின்றால் வாரம் மூன்று நாள், மதியம்வரை அனுப்பலாம் என்றார். ஈரோடு அண்ணன் சொன்னதையும் மறக்கவில்லை. தண்ணீர், சாப்பாடு வீட்டிலிருந்து போகும், ஆசிரியர் கழிப்பறையைப் பயன்படுத்த அனுமதி கேட்டிருக்கிறேன்.


ஈரோடு அப்பா எழுதியது:

மிக்க மகிழ்ச்சி அம்மா. ஆசிரியர் கழிப்பறை நல்ல யோசனை. வாரம் மூன்று நாள் என்றால் நானும் ஒத்துக்கொள்கிறேன்.


காரைக்குடி தம்பி எழுதியது:

அக்கா, இடுப்பில் ஒன்றும் இல்லை என்று படித்ததும் எனக்கே உயிர் வந்தது.

நான் முன்பு எழுதியது பாதிக் கதை, மீதியையும் சொல்லிவிடுகிறேன். மருந்து நின்ற பிறகு வந்த பயம் ஒரே நாளில் போகவில்லை. மாதாமாதம் இருந்த பரிசோதனை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஆனது, பிறகு மூன்று, பிறகு ஆறு. இடைவெளி நீள நீள முதலில் பயம் கூடும், பிறகு வாழ்க்கை உள்ளே வந்துவிடும். எனக்கு உதவியது ஆஸ்பத்திரியின் உளவியல் ஆலோசகர். நெறி தடவுவதற்கு வாரத்தில் ஒரு நாள், ஒரு நேரம் மட்டும் என்று ஒழுங்கு போட்டுக் கொடுத்தார். படித்தது மனதில் நிற்காமல் போனதையும் சொன்னேன், அதற்கும் பயிற்சி இருக்கிறது. இதயத்துக்கு இன்னும் எக்கோ எடுக்கிறேன், டானோரூபிசின் என்ற கீமோ மருந்து வாங்கிய எல்லோருக்கும் அது தேவை. கீமோ தொடங்குமுன் விந்தணு சேமித்து வைக்கச் சொன்ன ஒரு ஜூனியர் டாக்டரை நான் தினமும் நினைத்துக்கொள்கிறேன். வயதுக்கு வந்த பிள்ளைகளின் பெற்றோர் இதைக் கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

இந்த மெத்தோட்ரெக்சேட்டின் பின்னால் நம்மவர் ஒருவர் இருக்கிறார் என்று சிகிச்சையின்போதுதான் தெரிந்துகொண்டேன். எல்லாப்பிரகத சுப்பாராவ். ஆந்திராவின் பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, அமெரிக்கா போனவர். லெடர்லே ஆய்வகத்தில் அவர் குழு உருவாக்கிய அமினோப்டெரின் என்ற மருந்தைத்தான் 1947இல் பாஸ்டனில் மருத்துவர் சிட்னி ஃபார்பர் லுகேமியா வந்த குழந்தைகளுக்குக் கொடுத்தார். சில மாதங்களுக்காவது நோய் அடங்கியது. அதற்கு முன் அப்படி நடந்ததே இல்லை. மெத்தோட்ரெக்சேட் அதன் அடுத்த வடிவம். சுப்பாராவ் 1948இல் இறந்துவிட்டார். அந்த நாட்களில் வெள்ளிக்கிழமை மெத்தோட்ரெக்சேட் மாத்திரையைக் கையில் எடுக்கும்போதெல்லாம் அவரை நினைப்பேன்.


தாமிரபரணி அம்மா எழுதியது:

தம்பி, நீ நல்லா இருக்கணும்.

ஒரு நடைமுறைக் கேள்வி. மாதாமாதம் ரயில் செலவு கட்டுப்படி ஆகவில்லை. முதலமைச்சர் காப்பீட்டில் சிகிச்சைச் செலவு போகிறது, பயணத்துக்கு எதுவும் உண்டா?


மாத்திரை நானூறு எழுதியது:

உண்டு அம்மா. புற்றுநோயாளிகள் சிகிச்சைக்கோ பரிசோதனைக்கோ போய்வர ரயில்வே சலுகை தருகிறது. ஸ்லீப்பரிலும் மூன்றாம் ஏசியிலும் நோயாளிக்குக் கட்டணம் முழுவதும் தள்ளுபடி, கூட வரும் ஒருவருக்கு 75 சதவீதம். ரயில்வே கொடுத்திருக்கும் படிவத்தில் ஆஸ்பத்திரியில் சான்றிதழ் வாங்கி, முன்பதிவு கவுண்டரில் நேரில் கொடுங்கள். டே கேரில் கேட்டால் படிவம் அவர்களிடமே இருக்கும். மூன்றாம் ஏசி எடுங்கள், கூட்டம் குறைவு. பையனுக்குக் கீழ் பெர்த் கேளுங்கள், போர்வையை வீட்டிலிருந்து கொண்டுபோங்கள்.


டேகேர் செவிலி எழுதியது:

சான்றிதழைப் போகவும் வரவும் தேவைப்படும் தேதிக்குச் சேர்த்தே கேட்டு வாங்குங்கள். ஓ.பி. நாளில் கூட்டமாக இருக்கும், காலையில் ரத்தம் கொடுத்தவுடனே படிவத்தைக் கொடுத்துவிட்டால் மருத்துவரைப் பார்த்துத் திரும்பும்போது கையெழுத்தாகி இருக்கும். என்.யு.டி.டி.15 ரிசல்ட் வந்ததும் இங்கே எழுதுங்கள்.